எழுத்து வராத திருநாள்

பொத்தானை அழுத்திவிட்டு, வழக்கம்போல் உட்கார்ந்து காத்திருப்பதற்காக நாற்காலியை இழுத்தாள் மரியகொரெட்டி. உட்கார்வதற்குள் மடிக்கணினி திறந்துகொண்டது.

"அம்மாடி!" என்று கையை வெடுக்கென்று எடுத்தாள். "தம்பி, எதையாவது உடைச்சிட்டனா?"

லுக்குட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கும் ரொட்டிச்சானாய் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் கடை இக்ராமுடையது. கைப்பேசி, கணினி எல்லாம் பழுது பார்ப்பான். அவன் சிரித்தான்.

"உடையல அக்கா. எஸ்எஸ்டி போட்டா இப்படித்தான். பழைய ஹார்ட் டிஸ்க்ல தட்டு சுத்தணும், ஊசி தேடணும். இதுல சுத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"மூடிட்டு இன்னொரு தடவ போடு, பாப்போம்."

போட்டான். மூடினான். மறுபடி போட்டான். பிறகு அவளே வாங்கி மூடித் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதே அதிர்ச்சி, அதே சிரிப்பு. மகள் ஏஞ்சலா பாலிடெக்னிக் போனபோது வாங்கியது அது. ஜொகூரில் வேலை கிடைத்துப் போனபோது விட்டுவிட்டுப் போனாள். அந்தக் கணினிக்கு உயிர் வர எவ்வளவு நேரமாகும் என்று லாபு பக்கத்து எஸ்டேட்டில் அந்தோணியார் சிற்றாலயத்துக்கு வரும் எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு காலை ஜெபமாலை தொடங்குவதற்கு முன்பே கொரெட்டி அதைத் தட்டிவிட்டு உட்காருவாள். ஜெபமாலை முடியும்போதுதான் திரையில் படம் வரும். சில வாரம் அதற்கும் வராது.

"பழசுல ஒரே குப்பை அக்கா. அப்படியே தூக்கி இதுல போட்டா இதுவும் இழுக்க ஆரம்பிச்சிரும். அதான் புதுசா விண்டோஸ் ஏத்தி, உங்க ஃபைல்கள மட்டும் மாத்தியிருக்கேன்."

"பாட்டு வந்திருச்சா? எனக்குப் பாட்டு வந்தா போதும். மத்தது எதுவும் வேணாம்."

இக்ராம் பாட்டு ஃபோல்டரைத் திறந்து காட்டினான். வருகைப் பாட்டு, காணிக்கைப் பாட்டு, நன்றிப் பாட்டு என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு வைத்திருந்த கோப்புகள் வரிசையாக நின்றன. கொரெட்டி மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தாள். "இருக்கு, எல்லாம் இருக்கு" என்றாள். ஒன்றையாவது திறந்து பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. உடைந்த கைப்பேசியோடு ஒரு மலாய்க்காரப் பெண் அவள் பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

கொரெட்டி பிறந்தது அந்த எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அம்மா களை பிடுங்கினார். எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தாள். அதற்குப் பிறகு தமிழ் அவளுக்குப் பாடமாக இருந்ததில்லை. செனவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பொட்டு அளவு சில்லுகளைப் பார்த்தே இளமை போனது. கண் ஓய்ந்து வேலையை விட்டு வந்த வருஷம், சிற்றாலயத்தின் பாட்டுப் புத்தகங்கள் கறையான் அரித்துக் கிடந்தன. யாரும் தொடவில்லை. கொரெட்டிதான் தொட்டாள். வேறு பங்குக் கோயிலைச் சேர்ந்த உபதேசியார் ஒருவர் கணினியில் தமிழ் வருவதற்கு ஏதோ ஏற்றிக் கொடுத்தார். தாளில் எழுத்துகளை எழுதி வெட்டி, விசைகளின் மேல் செல்லோடேப் போட்டு ஒட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு பாட்டாகத் தட்டினாள். வருஷக்கணக்கில் தட்டினாள். ப்ரொஜெக்டர் வழியாகச் சுவரில் தமிழ் எழுத்து பெரிதாக விழுந்த முதல் ஞாயிறு, முன்வரிசைக் கிழவி மங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை கொரெட்டி இன்றும் சொல்வாள்.

இப்போது அந்தத் திரைக்குத்தான் போட்டி வந்திருந்தது. நீலாயில் வங்கி வேலை பார்க்கும் பெவர்லி, பாடகர் குழுவில் நன்றாகப் பாடும் பெண். ஒரு நாள் பூசை முடிந்து நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஆண்டி, பாதி பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது லா. இங்கிலீஷ் எழுத்துல போட்டா எல்லாரும் பாடுவாங்க. என் டேப்லெட்ல நான் கொஞ்சம் தட்டி வச்சிருக்கேன்."

"தெரியாதவங்க கத்துக்கட்டும். சோம்பேறித்தனத்துக்கு நாம ஏன் இறங்கிப் போகணும்? நான் இருக்கிற வரைக்கும் இந்தச் சுவத்துல தமிழ் எழுத்துதான்."

"உங்க லேப்டாப் முழிக்கிறதுக்குள்ள பூசையே முடிஞ்சிருது ஆண்டி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் உறைத்தது. திருநாள் முடியட்டும், திரையை யார் பார்த்துக்கொள்வது என்று செயற்குழுவில் பேசி முடிவெடுப்போம் என்றார் ஃபாதர். அந்த வாரமே கொரெட்டி கணினியைத் தூக்கிக்கொண்டு லுக்குட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டாள்.

திருநாள் ஞாயிறன்று அவள் அவசரப்படவில்லை. ஆட்டுக்கறியை நிதானமாக இறக்கினாள். பட்டுச் சேலையின் மடிப்பை இரண்டு தடவை சரிசெய்தாள். "என்னா, இன்னிக்கு ஜெபமாலைக்கு முந்தி ஓடலியா?" என்று கேட்டார் கணவர் மார்கஸ், பாம் எண்ணெய் ஆலையில் லோரி ஓட்டுகிறவர்.

"எதுக்கு ஓடணும்? தட்டினா வந்திரும். நீங்களே பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தார். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவள் மூடித் திறந்து காட்டியதில் அவருக்குச் சலித்தே போயிருந்தது.

சிரம்பான், கிள்ளான் என்று போய்க் குடியேறியவர்கள் எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். வெளியே கூடாரம் போட்டும் இடம் போதவில்லை. ஃபாதர் வாசலில் பவனிக்குத் தயாராக நிற்கும்போதுதான் கொரெட்டி கணினியைத் திறந்தாள். உடனே வந்தது. ப்ரொஜெக்டர் கம்பியைச் செருகினாள். பெவர்லி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வருகைப் பாட்டை அழுத்தினாள்.

சுவர் முழுக்க ஆங்கில எழுத்து. ஆங்கிலமும் இல்லை. ஒரு பெரிய எழுத்து, இரண்டு சின்ன எழுத்து, நடுவில் அரைப்புள்ளி, சதுர அடைப்பு, கமா, மறுபடி ஒரு பெரிய எழுத்து. வரி வரியாக அப்படியே.

தவறான பக்கம் என்று அடுத்ததை அழுத்தினாள். அதுவும் அதேபோல். காணிக்கைப் பாட்டைத் திறந்தாள். அதே. கணினியை அணைத்துப் போட்டாள். புதிய வேகத்தில் கண் மூடித் திறப்பதற்குள் வந்து, அதே குப்பையைக் காட்டியது.

"இது என்ன பாஷை?" என்று மங்கம்மா உரக்கக் கேட்டார். "ஃபாதர் லத்தீன் பூசையா வைக்கிறாரு?"

பின்வரிசையில் ஒரு பிள்ளை அந்தப் புள்ளி, அடைப்பையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பார்த்தது. சிரிப்பு பரவியது. கித்தார்க்காரன் முதல் சுருதியையே திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருந்தான். வாசலில் ஃபாதர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"ஆண்டி, தள்ளுங்க. என்கிட்ட இருக்கு." பெவர்லி எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. கம்பியைப் பிடுங்கித் தன் டேப்லெட்டில் செருகினாள். அதே வருகைப் பாட்டு, ஆங்கில எழுத்தில் தமிழாக, சுவரில் விழுந்தது.

கொரெட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. இத்தனை வருஷத் தட்டலும் ஒரே இரவில் எங்கே போயிருக்கும் என்பது மட்டுமே தலைக்குள் சுற்றியது.

பாட்டு எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. அந்தச் சிற்றாலயத்தில் அவள் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பின்வரிசை இளைஞர்கள் வாய் திறந்து பாடினார்கள். வெளியே கூடாரத்திலிருந்தும் குரல் வந்தது. அதற்கு நடுவே, வலதுபுறத் தூண் பக்கத்திலிருந்து, கரகரவென்று ஒரு ஆண்குரல். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். நாயை விரட்டும் குரல். தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக் கத்தும் குரல். பாட்டில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

திரும்பினாள். மார்கஸ் சுவரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்.

வெள்ளி விழா தாண்டிய கல்யாணம். இத்தனை வருஷமும் அவர் அந்தத் தூணோரம் நின்று உதட்டை மட்டும் அசைப்பார். "எங்க வீட்டுக்காரருக்குக் கூச்சம்" என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள். கணினி கைவிட்ட அதிர்ச்சி அப்படியே நின்றுபோய், அதைவிடப் பெரிய ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"என்னாங்க, உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதா?"

மார்கஸ் குனிந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாது லா. இதுல என்ன விளக்கம்?"

"தினம் தமிழ்ப் பேப்பர் வாங்குறீங்களே!"

"படம் பாப்பேன். பந்து ஸ்கோர் நம்பர்தானே? மிச்சத்த நீயே சத்தமா வாசிச்சிடுற. எனக்கு எதுக்கு வேல?"

கொரெட்டி அவர் எதிரே வந்து நின்றாள். "அப்ப, கல்யாணத்துக்கு முந்தி நான் எழுதினது?"

மார்கஸ் நிமிர்ந்தார். முதல் தடவையாக முகத்தில் ஒரு சங்கடம். "கேப்ரியல் வாசிச்சுக் காட்டினான்."

"எந்தக் கேப்ரியல்? நம்ம ஏஞ்சலாவுக்கு ஞானத்தகப்பனா நின்னாரே, அந்தக் கேப்ரியலா?"

"வேற எந்தக் கேப்ரியல் இருக்கான்?"

"எல்லாத்தையுமா?"

"நல்லா வாசிப்பான்" என்றார் மார்கஸ். "ஏத்த இறக்கத்தோட."

அவள் சோபாவில் சரிந்தாள். கடிதத்துக்குப் பதில் எழுதாமல், மோட்டார் சைக்கிளில் நேராக எஸ்டேட்டுக்கே வந்து லயத்து வாசலில் நின்றவர் என்று அவரைப் பற்றி அவளுக்குப் பெருமை உண்டு. மகளிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். வராமல் வேறு என்ன செய்திருப்பார்?

மார்கஸ் வளர்ந்தது சி ரூசாவில். அவருடைய அப்பா கடற்கரை விடுதி ஒன்றில் தோட்டக்காரர். கூப்பிடு தூரத்தில் இருந்தது மலாய்ப் பள்ளிதான். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்த கதையே. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. அப்புறம் நீ சுவத்துல பாட்டுப் போட ஆரம்பிச்ச. மார்கஸ் பொண்டாட்டி தமிழ வளக்குறான்னு ஊரெல்லாம் பேச்சு. அந்த நேரத்துல போய் எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு சொல்லவா? அதுக்கு மேல, வாசிக்கத் தெரியாதவன் சோம்பேறின்னு வேற நீ சொல்லிக்கிட்டு இருந்த."

அதை அவள் சாப்பாட்டு மேசையில் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! எதிரே அவர் சோறு பிசைந்துகொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு முகம் எரிந்தது. எழுந்துபோய் ஆட்டுக்கறியைச் சூடாக்கினாள். கறி அடிப்பிடித்துவிட்டது. இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

மறுநாள் இக்ராம் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"என் தப்பு அக்கா. ஒரு பாட்டாச்சும் திறந்து பாத்திருக்கணும். இது பழைய ஃபாண்ட். உங்க ஃபைலுக்குள்ள இருக்கிறது தமிழே இல்ல."

"என்னா பேசுற? நான் தட்டினது தமிழ் தம்பி. ஒவ்வொரு எழுத்தா."

"நீங்க தட்டினது ஏபிசிதான். அந்த ஃபாண்ட் அதுக்கு மேல தமிழ்ச் சட்டை மாட்டிக் காட்டிச்சு. நாம சட்டைய பழைய டிஸ்க்லயே விட்டுட்டு வந்துட்டோம்."

இன்னொரு அடி. இரண்டு நாளில் எத்தனையைத்தான் தாங்குவது? வருஷக்கணக்காகத் தமிழ் எழுத்து என்று அவள் கொடி பிடித்தது அத்தனையும் கணினிக்குள் ஏபிசி; பாட்டு பாட்டென்று கணவர் உதட்டை அசைத்தது வெறும் காற்று. கடைக்குள் நின்றபடியே கொரெட்டிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை. இக்ராம் பயந்து ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தான்.

மேசை இழுப்பறையில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்கைக் கம்பியில் மாட்டி, அந்த எழுத்துருவைத் தேடி எடுத்துப் புதியதில் ஏற்றினான். பாட்டைத் திறந்தான். தமிழ், கொழுகொழுவென்று, ஒரு எழுத்தும் குறையாமல் வந்து நின்றது. இனி எந்தக் கணினியிலும் தெரிகிற மாதிரி மாற்றிக்கொள்ளவும் ஒரு வழி காட்டிக் கொடுத்தான்.

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு எதுவுமே நடக்காததுபோல் சுவரில் பழையபடி தமிழைப் போட்டிருக்கலாம். பேருந்தில் வரும்போது அப்படித்தான் நினைத்தாள். லாபு சந்திப்பு வருவதற்குள் அந்த நினைப்பு மாறிவிட்டது. அந்தத் தூணோரத்தில் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டு மார்கஸ் மறுபடி நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவ்வளவுதான் காரணம். பெவர்லி சொன்னது சரி என்று அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

செயற்குழுவில் யாரும் வாயைத் திறப்பதற்கு முன் அவளே சொல்லிவிட்டாள். "மேல தமிழ். கீழ இங்கிலீஷ் எழுத்து. ரெண்டும் வரும். தட்டுறது நான். ஞாயித்துக்கிழம ஓட்டுறது வேணும்னா பெவர்லி ஓட்டட்டும்."

"எழுத்து சின்னதாயிருமே, எனக்குக் கண்ணு தெரியாதே" என்றார் மங்கம்மா.

"முன்னால வந்து உக்காருங்க."

"முன்னாலதான உக்காந்திருக்கேன்! பீடத்துலயா ஏறச் சொல்ற?"

பெவர்லி சிரித்துவிட்டு, "மூணு தடவ போடுறோம் பாட்டி, ஒண்ணு உங்களுக்கு மட்டும்" என்றாள். கொரெட்டிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அந்த வாரம் சாயங்காலம் சமையலறை மேசையில் வேலை தொடங்கியது. தமிழ் வரிக்குக் கீழே ஆங்கில எழுத்தில் இன்னொரு வரி. அவள் தட்டித் தட்டி நிறுத்துவாள். மார்கஸ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்து உரக்க வாசிப்பார்.

"உங்களுக்கு வேணும்னா தமிழ் எழுத்த நான் சொல்லித் தரட்டுமா?" என்று ஒரு தடவை மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"போ லா. இந்த வயசுல அ, ஆ-வா?"

அதோடு விட்டாள். அவர் வாசிப்பு மகா மோசம். குறிலை இழுப்பார், நெடிலை விழுங்குவார். அவள் திருத்துவாள். "நீ தட்டினது அப்படி, நான் என்ன பண்ண?" என்று அவர் எதிர்வாதம் பேசுவார். பல இடங்களில் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே அவள் மாற்றினாள்.

ஒரு நன்றிப் பாட்டின் நடுவில் அவர் சட்டென்று நின்றார். அந்த வரியை மறுபடி வாசித்தார்.

"இந்தப் பாட்டு சாவு வீட்டுப் பாட்டு இல்லியா?"

"நன்றிப் பாட்டுங்க! நம்ம கல்யாணத்துல பாடினது!"

"ராகத்த வச்சு நான் வேற நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார் மார்கஸ். "அன்னிக்கு மூஞ்சிய உர்ருன்னு வச்சிக்கிட்டு நின்னேன்."

கொரெட்டி தட்டுவதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். கல்யாணப் படத்தில் அவர் ஏன் அப்படி நிற்கிறார் என்று மாமியாரிடம்கூடக் கேட்டிருக்கிறாள்.

"என்ன பாக்குற?" கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார் மார்கஸ். "அடுத்தது போடு."