வீட்டுப் பிள்ளைக்குக் கடைசியில்

டெய்லரம்மாவின் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஊரார் பிள்ளைகளின் சீருடை எல்லாம் தைத்து முடித்த பிறகுதான் வீட்டுப் பிள்ளைக்குக் கத்தரி எடுப்பாள். அதற்குள் துணிச் சுருளில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அதில் பாவாடை வந்தால் இடுப்புப் பட்டை வராது, பட்டை வந்தால் மடிப்பு குறையும். எங்காவது ஓர் ஒட்டுப் போட்டு ஒப்பேற்றிவிடுவாள். ஊசி பிடிக்கும் வீட்டில் ஒட்டுப் பாவாடையா என்று யாராவது சிரித்தால், மகளுக்குக் கோபம் வராது. எல்லாருக்கும் கொடுத்தது போக எனக்கு என்று சொல்லி, அந்த ஒட்டைத் திருப்பியே காட்டுவாள். அப்படி ஒரு பெருமை அந்தப் பெண்ணுக்கு.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பொத்தான் என்று பெயர். குள்ளம், வட்ட முகம். போதாததற்கு, பென்சில் டப்பாவில் எப்போதும் ஊசியும் நூலும் வைத்திருப்பாள். யார் சட்டையில் பொத்தான் அறுந்து தொங்கினாலும் இடைவேளையில் இவளிடம்தான் வர வேண்டும். பி.டி. மாஸ்டர்கூட ஒரு நாள் முழுக்கைச் சட்டையோடு வந்து வெட்கப்பட்டுக்கொண்டே கையை நீட்டினார். ஊசியில் நூல் கோக்கும் நேரத்துக்குள் அவரிடம் விளையாட்டு வகுப்புக்கு இன்னொரு பந்து வேண்டும் என்று பேரம் பேசி முடித்துவிட்டாள்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு அந்த ஒரு பள்ளிக்கூடம்தான். எந்தக் குழாயை உதைத்தால் தண்ணீர் வரும், எந்தப் பெஞ்சின் கால் ஆடும், மாடிப்படிக் கைப்பிடியில் எந்த இடத்தில் சிலாம்பு குத்தும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். பக்கத்தில் உட்காருகிறவள் நெட்டை. உயரத்துக்குக் கடைசிப் பெஞ்சுக்குப் போக வேண்டியவள், பொத்தானை விட்டுப் போக மனமில்லாமல் இரண்டாம் பெஞ்சில் முதுகை வளைத்துக் குறுகி உட்கார்ந்திருப்பாள். பின்னால் இருப்பவர்கள் கரும்பலகை தெரியவில்லை என்று கத்தினால் இன்னும் கொஞ்சம் வளைவாள். அடுத்த வருடம் மாடி வகுப்பு. அங்கே ஜன்னலோரப் பெஞ்சைப் பிடித்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கோடை விடுமுறையில் டெய்லரம்மாவுக்கு மூச்சு விட நேரமில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சீருடையும் அவளிடமே வந்து சேர்ந்தது. இந்த நேரம் பார்த்து, பொத்தானுக்குக் காஜாத் துளை போட வேலைக்கு இருந்த அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, சுவர் நிறையச் செய்தித்தாளில் வெட்டிய அளவு மாதிரிகள். அந்த அக்காவின் மனைப்பலகையில் பொத்தான் உட்கார்ந்துகொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே உட்கார்ந்தாள். காஜா போட்டாள், பொத்தான் தைத்தாள், நூல் பிசிறு வெட்டினாள். வகுப்புப் பிள்ளைகளின் சட்டைகள் கைக்கு வரும்போது அவளுக்கு ஒரே குஷி. யார் விடுமுறையில் உட்கார்ந்து தின்று பெருத்தார்கள், யாருக்குக் கைநீளம் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் ஊருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது. நெட்டையின் சட்டைக்கு மட்டும் நூலை இரட்டையாகக் கோத்து, இழுத்து முடிச்சுப் போட்டாள்.

ஒன்று மட்டும் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. அவள் வகுப்புப் பிள்ளைகள் அளவு கொடுக்க வரும்போதெல்லாம் அம்மாவுக்குத் தவறாமல் டீ குடிக்க வேண்டும் போலிருக்கும். இல்லாவிட்டால் நூல் தீர்ந்துபோகும். பொத்தானைக் கடைக்கு விரட்டுவாள். நெட்டை வந்த அன்று டீக்கடையில் கூட்டமில்லை, பொத்தான் சீக்கிரம் திரும்பிவிட்டாள். உள்ளே பேசிக்கொண்டிருந்த இருவரும் அவளைக் கண்டதும் நிறுத்தினார்கள். ஜன்னலோரம் யார், உள்பக்கம் யார் என்று பொத்தான் ஆசையாகக் கேட்டாள். நெட்டை தரையைப் பார்த்துக்கொண்டு, நீயே ஜன்னலோரம் உட்கார் என்றாள். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறவள் இப்படி விட்டுக்கொடுத்ததில் பொத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

லாரி ஓட்டப் போயிருந்த அப்பாவும் வந்தார். வரும்போது அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்திருந்தார். மாடி வகுப்புக்குப் போகிற பெண்ணல்லவா, அதற்குத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கட்டிவிடும்போது அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பொதுவாகவே கூச்ச சுபாவம் உள்ளவர், அதனால் அதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தன் பாவாடைக்கு இன்னும் கத்தரி வைக்கவில்லையே என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. வேறு வீட்டுப் பெண்ணாயிருந்தால் எப்போதோ சந்தேகம் வந்திருக்கும். இவளுக்கு எப்படி வரும்? வீட்டுப் பிள்ளைக்குக் கடைசியில்தானே.

பள்ளி திறக்கும் நாள் காலையில் கடைசிச் சீருடையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொத்தான் தலைக்குக் குளித்து, இரட்டைச் சடை போட்டு, கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு வெட்டு மேஜை அருகில் வந்து நின்றாள். அம்மா மிச்சத் துணியை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எனக்கு?”

“உனக்கு எதுக்குடி இப்ப யூனிஃபார்ம்? பாக்குறல்ல, ரெண்டு ஸ்கூல் வேலை. ஒரே ஒரு வருஷம் என்கூட இரு. அடுத்த வருஷம் போய்க்கலாம்.”

ஏதோ மிளகாய் வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு அலமாரியைப் பூட்டினாள்.

பொத்தான் அழவில்லை. அவளுக்குப் புரியவே இல்லை என்பதுதான் உண்மை. வீட்டுப் பாவாடையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். உள்ளே போய்விட்டால் போதும், பிறகு யார் என்ன செய்ய முடியும் என்று நினைத்தாள். மைதானத்தில் எல்லாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். வரிசை முழுக்க அவள் தைத்த பொத்தான்கள். வாசலில் நின்ற பி.டி. மாஸ்டர் அவளைக் கண்டதும் முகம் மாறினார். உன் அம்மா லீவிலேயே வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்களே, உனக்குத் தெரியாதா என்று கேட்டார். கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்பதுபோலக் கழுத்தில் தொங்கிய விசிலைத் தடவினார்.

மணி அடித்ததும் நெட்டை மட்டும் வாசலுக்கு வந்தாள். கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று பொத்தான் கேட்டாள்.

“எல்லாருக்கும் தெரியும். உங்கம்மாதான் சொல்லக் கூடாதுன்னாங்க. சொன்னா நீ அழுதுட்டு உக்காந்துருவியாம், வேலை கெட்டுடுமாம்.”

வேலை கெட்டுவிடுமாம். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியதைக்கூட அவள் என்றாவது ஒரு நாள் ஆற்றிக்கொண்டிருப்பாள். தன்னை நிறுத்திவிட்டு, தன் கையாலேயே அத்தனை பேருக்கும் பொத்தான் தைக்க வைத்தார்களே, அதை எப்படி ஆற்றிக்கொள்வது? அவள் சிரித்துச் சிரித்துத் தைத்த நாளெல்லாம் அம்மா எதிர் மெஷினில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? நெட்டை, கையை வேண்டுமானால் பிடித்துக்கொள் என்பதுபோலக் கம்பிக்குள் விரலை நீட்டினாள். பொத்தான் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கடிகாரத்தைக் கழற்றி அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் வாய் இருந்தது ஒருத்திக்குத்தான்.

அடுத்த வருடம் வந்தது. அம்மா எதுவும் சொல்லவில்லை. பொத்தானும் கேட்கவில்லை. கேட்டுப் பெறுவதில்லை என்று அவள் அதற்குள் வைராக்கியம் பிடித்திருந்தாள். நிறுத்தியவள்தானே அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டாலும் போகிறது, தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில் ஆள் வளர்ந்துவிட்டாள். அளவு எடுக்கக் கற்றாள், வெட்டக் கற்றாள். வளரும் பிள்ளைகளுக்கு ஓரத்தில் எவ்வளவு துணி உள்ளே மடித்துவிட வேண்டும் என்பது அம்மாவைவிட அவளுக்கே நன்றாகப் பிடிபட்டது. கல்யாணமும் ஆனது. அதே ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷன், அவள் தினமும் அம்மாவின் கடைக்கு வந்துபோவதைத் தடுக்கவில்லை. இந்தக் கதையை அவரிடம் ஒரு நாள் சொல்லி அழுதாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, உன் அம்மாவுக்கும் வேறு வழி இருந்திருக்காது, விட்டுத் தள்ளு என்றார். அதற்குப் பிறகு அவரிடம் அதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகுதான் புதிய வினை ஆரம்பித்தது. யாரோ ஒரு வாடிக்கைக்காரி, இவ்வளவு சூட்டிகையான பெண்ணைப் படிக்க வைக்காமல் விட்டீர்களே என்று டெய்லரம்மாவிடம் கேட்டாள். டெய்லரம்மா சற்றும் யோசிக்காமல், அவளுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை என்றாள். உள்ளே சட்டை வெட்டிக்கொண்டிருந்த பொத்தானின் காதில் விழுந்தது. வாயை அடைக்க எதையோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. விட்ட இடத்தில் கதை வேர் பிடித்துவிட்டது. அடுத்த முறை, புத்தகத்தை எடுத்தாலே தலைவலி என்பாளாம் என்று ஆனது. அதற்கடுத்த வருடம், அடித்து அனுப்பியும் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவாளாம். சொல்லச் சொல்ல டெய்லரம்மா அதில் ஒவ்வொரு மடிப்பாகச் சேர்த்துக்கொண்டே போனாள். நெட்டைகூடத் தன் மகனுக்கு அளவு கொடுக்க வந்தபோது இந்தக் கதையைக் கேட்டாள். கேட்டுவிட்டு, ஆமாம் ஆமாம் என்று சிரித்துவைத்தாள். பெரியவர்கள் பேச்சில் குறுக்கே பேசாத நல்ல பழக்கம் அவளுக்கு அப்போதே உண்டு, இப்போதும் போகவில்லை.

பொத்தானுக்குத் தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய ஒரு மே மாதம். கடையில் கூட்டம். ஒரு தாய் தன் மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். இடம் மாறி வந்தவர்கள், பிள்ளைக்குப் புதுப் பள்ளிக்கூடம். பழைய பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்று அது ஒரே அழுகை, அளவு கொடுக்கக் கையைத் தூக்க மாட்டேன் என்கிறது. டெய்லரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தன் கதையை எடுத்தாள்.

“இதெல்லாம் ஒரு அழுகையாம்மா? என் பொண்ணு அழுததைப் பாத்திருக்கணும். மெஷின் காலைக் கட்டிக்கிட்டு, ஸ்கூலுக்குப் போக மாட்டேன், உன்கூடவே இருக்கேன்னு ஒரே பிடிவாதம். நான் கெஞ்சாத கெஞ்சலா?”

பொத்தான் கத்தரியைக் கீழே வைத்தாள். கூட்டத்துக்கு முன்னால் பேச வேண்டாம் என்று தன்னைத்தானே அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

“அம்மா, நான் எப்ப போக மாட்டேன்னு சொன்னேன்? நீதானே என்னை நிறுத்துன. எனக்கு யூனிஃபார்மே வெட்டல நீ.”

 அழுதுகொண்டிருந்த சிறுமிகூட நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

பொத்தானுக்குத் தன் அம்மாவின் பொய் அத்துப்படி. தையலுக்குத் துணி கொடுத்தவர்களிடம் நாளைக்கு ரெடி என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பாள். சொல்லும்போது ஆளைப் பார்க்க மாட்டாள், மேஜையில் சாக்குக் கட்டியைத் தேடுவாள். இப்போதும் தேடுவாள், பிடித்துவிடலாம், இத்தனை வருடம் வராத வார்த்தையை இங்கேயே வாங்கிவிடலாம் என்று பொத்தான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டெய்லரம்மா எதையும் தேடவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து மகளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திருட்டுத்தனம் இல்லை, பயம் இல்லை. உண்மையான வருத்தம்தான் இருந்தது.

“என்னடி இப்படிச் சொல்ற?” என்றாள். குரல் தழுதழுத்தது. “உன்னைப் படிக்க வைக்க முடியலையேன்னு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? உங்கப்பாவுக்குத் தெரியும். இருந்தா சொல்லியிருப்பாரு.”

 அம்மா பொய் சொல்லவில்லை. நடந்தது இதுதான் என்று அவள் நம்புகிறாள். என்றோ வாயை அடைக்கச் சொன்னது, சொல்லிச் சொல்லி அவளுக்கே நிஜமாகிவிட்டது. அலமாரியைப் பூட்டிய அந்தப் பொம்பளை இனி எங்கேயும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

டெய்லரம்மா எழுந்து வந்தாள். முழங்கால் வலியோடு மேஜையைப் பிடித்துப் பிடித்து வந்து, மகளின் தலையைத் தடவினாள்.

“போகுது விடு. சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்ட. அதை நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்.”

பெற்ற மனசு என்று சிறுமியின் தாய் உருகிப்போய்ச் சொன்னாள். வரிசையில் நின்ற இன்னும் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பொத்தான் அம்மாவின் கையை மெல்ல விலக்கிவிட்டு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சிறுமியின் முன்னால் மண்டியிட்டாள். சிறுமி இப்போது தானாகவே கையைத் தூக்கினாள். நாடாவில் இருந்த எண்கள் பொத்தானின் கண்ணுக்குத் தெரியவில்லை. இடுப்பளவை மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது.