அக்கா வாங்கித் தந்த கடைசிப் பீரியட்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். கண்ணீரும் கம்பலையுமாக எழுதினால் அக்கா கோபித்துக்கொள்வார். "ஏன்டி, நான் சிரிச்ச நாளே இல்லையா? அதை எழுத மாட்டியா?" என்பார். ஆகையால் அவர் சிரித்த நாட்களையே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நாகரசம்பட்டியில். வீட்டுக்கு மூத்தவர். எங்கள் பெற்றோர் மாந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். காய் இறங்கும் பருவத்தில் கஞ்சி கெட்டியாக இருக்கும், மற்ற மாதங்களில் தண்ணீராக இருக்கும். அப்பா போன பிறகு, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் லைன் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். அங்கேயே வேலை செய்த மாமாவை மணந்து மூக்கண்டப்பள்ளியில் குடியேறினார். காண்ட்ராக்ட் முடிந்து வேலை போனபோதும் அசரவில்லை. "இந்தக் கம்பெனி இல்லாட்டி எதுத்த கம்பெனி" என்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்காவுக்குப் பாட்டென்றால் உயிர். குரல்தான் ஒத்துழைக்காது. அவர் பாட ஆரம்பித்தால் மாமா டிவி சத்தத்தைக் கூட்டுவார். அக்கா அதைவிடச் சத்தமாகப் பாடுவார். "பள்ளிக்கூடத்துல யாராவது சொல்லிக்கொடுத்திருந்தா நான் ஏன் இப்படிப் பாடறேன்?" என்று பழியைப் பள்ளி மேல் போட்டுவிடுவார். தன் மகன் படித்த அரசுப் பள்ளியிலும் பாட்டுக்கோ படம் வரையவோ ஆசிரியர் இல்லை என்று தெரிந்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

நேரே தலைமையாசிரியையிடம் போய் நின்றார். அவர் நல்லவர், ஆனால் கறாரானவர். "சாமானும் இல்ல, சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லம்மா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். "சாமானுக்கு நான் ஆச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்து, அக்கா கல்விச் சீருக்கு ஏற்பாடு செய்தார். கல்யாணச் சீர் போலவே தட்டேந்தி, மேளத்தோடு பள்ளிக்கு ஊர்வலம் போவது இப்போது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. "பாட்டு, படம், நாடகத்துக்கு ஆகற மாதிரி கொண்டாங்க" என்று தெருத்தெருவாகத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லி வந்தார்.

ஊர்வலம் அமர்க்களமாகப் போனது. மாமாவோடு வேலை செய்யும் முனிராஜ் பம்பை அடித்துக்கொண்டு முன்னால் வந்தார். பள்ளி மேடையில் தட்டுகளை வைத்து வண்ணக் காகிதத்தைப் பிரித்தால் சுவர்க் கடிகாரம். அடுத்ததைப் பிரித்தால் அதுவும் சுவர்க் கடிகாரம். கிரகப்பிரவேசம் கிரகப்பிரவேசமாகக் கடிகாரம் வாங்கிப் பழகிய கை, சீர் என்றதும் தானாக அந்தக் கடைக்கே போய்விட்டது. யாரோ ஒருவர் மட்டும் வித்தியாசமாக டேபிள் ஃபேன் வைத்திருந்தார். "இனிமே யாரும் மணி தெரியலைன்னு லேட்டா வர முடியாது" என்றார் தலைமையாசிரியை. அக்காவுக்கு முதலில் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கித் திரும்பினால், மேடைப் பக்கம் ஒரு பிள்ளையும் இல்லை. எல்லோரும் முனிராஜைச் சுற்றி நின்று, பம்பையைத் தொட்டுப் பார்க்க முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மைக்கைப் பிடித்தார். "சாமான் போதும் சாமி! இனி நீங்களே வாங்க. யாருக்கு என்ன வருமோ அதைப் பிள்ளைங்களுக்குக் காட்டுங்க."

தலைமையாசிரியை வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைத் தந்தார், ஒரு நிபந்தனையோடு. "ஒரே ஒரு வாரம் ஆள் வரலைன்னாலும் அதைக் கணக்குக்குக் கொடுத்துருவேன். அப்புறம் கேக்கக் கூடாது."

கம்பெனிக்காரர்களை வைத்துக்கொண்டு வாரம் தவறாமல் ஆள் அனுப்புவது லேசான காரியமா? ஷிப்ட் வாராவாரம் மாறும். காலை ஷிப்ட் முடிந்தவர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி யூனிஃபார்மோடு பள்ளிக்கு ஓடுவார்கள். வெல்டர் ஒருவர் தெருக்கூத்து ஆடிக் காட்டினார். பக்கத்து வீட்டுக் கௌரம்மா கன்னடப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடினார்கள். ஓவர்டைம் என்று யாராவது நழுவினால் அக்கா கம்பெனி கேட்டுக்கே போய்விடுவார். "வர்றேங்க்கா, கத்தாதீங்க்கா" என்று பெரிய பெரிய ஆட்களே கும்பிடு போடுவார்கள். யாருமே சிக்காத ஒரு வாரம் அக்காவே போய்ப் பாடினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்ததை அவரே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் பேச்சு மாறவில்லை. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே போனில், "இந்த வெள்ளி யாருப்பா?" என்பார். மகனைப் பற்றிக்கூட அவ்வளவு கவலைப்படவில்லை. மாமா பார்த்துக்கொள்வார் என்ற தைரியம். ஆனால் வலி மிகுந்த ஒரு நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போயிட்டா அந்தப் பீரியடை விட்டுருவாங்கடி" என்று அழுதார்.

அக்கா போனது ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. அந்த வாரம் முனிராஜின் முறை. அவரோ எங்கள் வாசல் பந்தலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மதியம் தாண்டியதும் மாமா அவரிடம் போனார். "முனிராஜு, எந்திரி. பள்ளிக்கூடத்துல வாசிச்சிட்டு வா. அப்புறம்தான் எடுக்கறது."

மாமாவின் பெரியப்பா பதறிவிட்டார். "என்னடா பேசற? பொழுது போகுது. ஊரு என்னா சொல்லும்?"

"ஊரு பூரா இங்கதான் உக்காந்திருக்குது பெரியப்பா. கேட்டுக்கங்க."

முனிராஜ் பம்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பள்ளி அடுத்த தெருதான். கொஞ்ச நேரத்தில் பம்பைச் சத்தம் கேட்டது, கூடவே பிள்ளைகள் கைதட்டும் சத்தமும். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பள்ளி விட்டதும் முனிராஜ் திரும்பி வந்து, அக்காவுக்கு முன்னால் பம்பை அடித்துக்கொண்டு நடந்தார்.

அக்காவைத் தாங்கள் பெற்ற பிள்ளை போல் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த கம்பெனித் தோழர்களுக்கும், ஷிப்ட் மாற்றிக்கொண்டு பள்ளிக்குப் போன ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. தலைமையாசிரியைக்குத் தனியாக ஒரு நன்றி. காரியத்தன்று வீட்டுக்கு வந்தவர் மாமாவிடம், "நிபந்தனையை எடுத்துட்டேங்க. ஆள் வந்தாலும் வராட்டியும் இனி அது பிள்ளைங்க பீரியட்தான்" என்றார். அக்கா கேட்டிருந்தால், "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே டீச்சர், எத்தனை கேட்டுல போய் நின்னேன்!" என்று சண்டைக்குப் போயிருப்பார்.

நிபந்தனை போய் ஓராண்டு ஆகிறது. இதுவரை ஒரு வெள்ளிக்கிழமைகூட ஆள் வராமல் இருந்ததில்லை, அக்கா.