மூன்று விரல் கை

முதல் அடி புரொஜெக்டர் மேல் விழுந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு ட்யூஷன் சென்டரின் மாடி அறை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலெல்லாம் செய்தித்தாள் ஒட்டியிருந்தோம். அதனால் நான்கு பேர் இரும்புக் குழாயோடு வருவதை யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது அடி யார் மேல் விழுந்தது என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் டைரக்டர் ஆவணப்படம் எடுப்பவர், எல்லோருக்கும் அக்கா. நான் அவருடைய கேமராமேன். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படமும் விழாவுக்குப் போகும் முன், அதில் இருக்கும் மனிதர்களுக்கு அவர்கள் பகுதியிலேயே போட்டுக் காட்டிவிடுவார். கதவைத் திறந்தே வைப்பார், யார் வேண்டுமானாலும் வரலாம். பார்த்தவர்கள் வேண்டாம் என்று சொல்லும் காட்சியை மறுபேச்சில்லாமல் வெட்டிவிடுவார். எனக்கு அதில் எரிச்சல்தான். வெயிலில் காய்ந்து எடுப்பவன் நான், வேண்டாம் என்பது யாரோ ஒருவர்.

அந்தப் படம் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் பட்டறைகளைப் பற்றியது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று ஒரு பட்டனில் குச்சியைச் செருகிவிடுவார்கள். ஒரு கை தகட்டைத் தள்ளும்போதே மறு கை அழுத்தும். ஒருநாள் கணக்குத் தப்பும். குச்சியைச் செருகச் சொன்னது சூப்பர்வைசர்தான் என்று கேமரா முன் சொல்ல ஒரே ஒருவர் முன்வந்தார். வலது கையில் இரண்டு விரலை பிரஸ்ஸுக்குக் கொடுத்தவர். முகம் தெரியக்கூடாது, குரலை மாற்ற வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவருடைய மகன் அப்போதுதான் அதே பட்டறையில் சேர்ந்திருந்தான்.

நான் முகத்தை இருட்டில் வைத்து, மடியில் கிடந்த கைகளை மட்டும் எடுத்தேன். என் வாழ்நாளிலேயே நல்ல ஷாட் அதுதான் என்று நினைத்தேன். டைரக்டரும் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இரண்டு பேரும் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அன்று மத்தியானம் அவரும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் அந்தக் கை வந்தது. அவர் இரண்டாவது வாக்கியத்தை முடிப்பதற்குள், முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னார்: "இது நம்ம அண்ணாத்தே கைடீ."

பிரஸ் பட்டறைக்காரர்களுக்குக் கைதான் அடையாளம். எவருக்கு எந்த விரல் இல்லை என்பது அந்தத் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரியாதது எங்கள் இரண்டு பேருக்குத்தான். கடைசி வரிசையிலிருந்து சூப்பர்வைசரின் ஆட்கள் இருவர் எழுந்து போனார்கள். திரும்பி வந்தபோது நான்கு பேராக இருந்தார்கள்.

புரொஜெக்டரை நொறுக்கிவிட்டு, அந்தக் கைக்குரியவரைத் தரையில் தள்ளினார்கள். ஒருவன் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான், ஒருவன் அந்த வலது கையை இழுத்துத் தரையில் விரித்துப் பிடித்தான். குழாய் இறங்கியது. மீதியிருந்த மூன்று விரல்கள் மேல் திரும்பத் திரும்ப இறங்கியது. டைரக்டர் பாய்ந்து அவர் மேல் விழுந்தார். அடுத்த அடியில் டைரக்டரின் தோள் எலும்பு முறிந்தது. நான் கேமராப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். வேறொன்றும் செய்யவில்லை. எழுதும்போது இன்றும் கூசுகிறது.

மறுவாரம் அந்தப் படம் ஒரு பெரிய விழாவுக்குத் தேர்வானது. டைரக்டர் தோளில் கட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய், படத்தை அனுப்பலாமா என்று அந்த அண்ணனிடம் கேட்டார். நான் கூட நின்றேன்.

"படம் வேணாங்க்கா," என்றார் அவர். "பையன் அங்கதான் வேலைல கீறான். அவன் கையாவது முழுசா இருக்கட்டும்."

வெளியே வந்ததும் டைரக்டர் படத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதப் போனார். எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் கை போனது போனதுதான், படமும் எதற்குப் போக வேண்டும், அந்த ஷாட்டை மறுபடி எடுக்க முடியுமா என்று கத்தினேன். ஆஸ்பத்திரி வாசலில், நாலு பேர் பார்க்க, கட்டுப்போடாத கையால் கன்னத்தில் அறைந்தார். பல் உதட்டைக் கிழித்து ரத்தம் வந்தது. நான் வாங்க வேண்டிய அடிதான்.

அதற்குப் பிறகு அவர் படம் எடுக்கவில்லை. ஊரிலிருக்கும் இளையவர்கள் எடுக்கும் ஆவணப்படங்களைத் தேடிப் பார்த்து, பொறுக்கியெடுத்து, ஆண்டுக்கொரு விழா நடத்துகிறார். ஐயப்பன்தாங்கலில் அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நானும் கூடப் பார்க்கிறேன். உங்கள் படம் ஒன்றைப் போடக்கூடாதா என்று யாராவது கேட்டால், டீ சொல்லட்டுமா என்று பேச்சை மாற்றிவிடுவார்.

போன மாதம் குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் ஒருவர் என் தோளைத் தொட்டார். அந்த அண்ணன். வலது கையை பேன்ட் பைக்குள் வைத்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். மகனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். அதே பட்டறை, அதே குச்சி, அதே வலது கை.

"அக்கா கைல சொல்லு, இப்ப படத்தப் போடச் சொல்லு," என்றார். "மூஞ்சியோட. நானே வந்து உக்கார்றேன், மறுபடி எடு."

அங்கேயே நின்று டைரக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டைரக்டர், "பையனுக்கு எந்தக் கை?" என்று கேட்டார்.

வலது கை என்று சொன்னேன்.

"எத்தன விரல்?"

எனக்குத் தெரியவில்லை, அவரிடம் திரும்பிக் கேட்டேன். விரல் இல்லை தம்பி, மணிக்கட்டோடு என்றார்.