அடித்தவன்தான் பந்தை எடுக்க வேண்டும்

எருமைச் சாணி வாசனையோடு வரும் பந்தை நெற்றியால் முட்டியிருக்கிறீர்களா? நான் ஸ்ட்ரைக்கர் ஆனது அப்படித்தான்...

ஆவடி குவார்ட்டர்ஸ் கிரவுண்டில் கோல் போஸ்ட் உண்டு, நெட் கிடையாது. கோல் விழுந்தால் பந்து நேராக முள்ளுப்புதருக்குப் போகும். அதைத் தாண்டினால் எருமைகள் ஊறிக் கிடக்கும் குட்டை. அதனால் எங்களுக்கு ஒரே சட்டம்: அடித்தவன்தான் போய் எடுத்து வர வேண்டும். நான் நிறைய அடிப்பேன். அம்மா என் டிராயரைத் தனி வாளியில்தான் ஊற வைப்பாள்.

அப்பா ஃபேக்டரியில் ரிட்டயர் ஆகும் வருடம், ஒரு பெரிய ஆபீஸ் டீமுக்கு செலக்‌ஷன் வந்தது. தேறினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. தேறாவிட்டால், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

செலக்‌ஷன் மேட்சில் எதிர் டீம் கோல்கீப்பர் என் கூட்டாளி பாஷா. பூந்தமல்லியிலிருந்து சைக்கிள் மிதித்து எங்கள் கிரவுண்டுக்கு ஆட வருபவன். ஆட்டம் முடியப் போகிறது, பந்து என் பக்கமே வரவில்லை. கடைசியில் ஒரு கார்னர்... முட்டினேன். பாஷா கையைத் தாண்டி உள்ளே!

கட்டிப்பிடிக்க ஓடி வந்தார்கள். நான் அங்கே இருந்தால்தானே? பழக்கதோஷம்... பந்தை எடுக்கப் பாய்ந்து, நெட்டில் மீன் மாதிரி சிக்கிக்கொண்டேன். அதுவரை நெட் போட்ட கோலில் நான் அடித்ததே இல்லை.

"டேய் மாமே, நெட்டு கீதுடா! எங்கடா ஓட்ற?" என்று பாஷா கத்தினான்.

எப்படியோ பிய்த்துக்கொண்டு, பந்தோடு சென்டருக்கு ஓடினேன். மேட்ச் முடிந்ததும் ஆபீஸ் டீம் கோச் கூப்பிட்டார்.

"இன்னாப்பா அவ்ளோ அவசரம்?"

"எங்க கிரவுண்டுல அடிச்சவன்தான் சார் பந்த எடுக்கணும். இல்லாங்காட்டி குட்டைல பூடும்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கோல் அடிச்சிட்டு டான்ஸ் ஆட்றவன் நெறைய பேரு கீறான். எனக்கு நீதான் வேணும். பிராக்டிசுக்கு வந்துரு."

வீட்டில் சொன்னபோது அப்பா என்னைத் தூக்கியே விட்டார். அப்புறம் பாஷாவையும் எடுத்தார்கள், கோல் விட்டவனை!

முட்டி மக்கர் பண்ணும்வரை அந்த டீமுக்கே ஆடினேன். எவ்வளவு பெரிய மேட்ச் ஆனாலும் அடித்தவன்தான் பந்தை எடுப்பான். கோச் அதை டீமுக்கே சட்டமாக்கிவிட்டார்.

இப்போது ஞாயிறு காலையில் வெள்ளானூர் டர்ஃபில் ஆட்டம். நாலு பக்கமும் நெட், தலைக்கு மேலேயும் நெட். புதரும் இல்லை, குட்டையும் இல்லை. சிரிக்காதீர்கள்... அந்தச் சாணி வாசனை இல்லாதது எனக்குக் கொஞ்சம் குறைதான்.

போன வாரம் ஒன்று அடித்தேன். யோசிக்கும் முன்பே கால் கிளம்பிவிட்டது. கோலில் நின்ற பாஷா, நரைத்த தாடியோடு அதே கத்தல்: "டேய் மாமே, நெட்டு கீதுடா!"

தெரியும்டா பாஷா. ஆனால் அடித்தது நானாச்சே!