ஆமையோடு தமிழ் பேசியவர்

டாக்குரியாவில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மாடியில் ஒரு பௌதி இருந்தார். பௌதி என்றால் வங்காள மொழியில் அண்ணி. தெருவில் எல்லோருக்குமே அவர் அண்ணிதான். பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். குளிர்காலம் வந்தால் தெருக்காரர்களைத் திரட்டி பக்காலி கடற்கரைக்குப் பிக்னிக் அழைத்துப் போவார்.

ஒரு வருஷம் சாப்பிட்டு முடித்ததும் காற்றடித்து எங்கள் தெர்மாகோல் தட்டுகள் கடலைப் பார்க்க ஓடின. பௌதி புடவையைச் செருகிக்கொண்டு துரத்தினார். திரும்பி வந்தவர் கையில் ஒரு பிளாஸ்டிக் டீ கப். அதற்குள் ஒரு சிவப்பு நண்டு வெளியே வரத் தெரியாமல் பிறாண்டிக்கொண்டிருந்தது. அதை மணலில் விட்டுவிட்டு, "அடுத்த தடவை சமையல்காரர் வேண்டாம். சாக்கு எடுத்துட்டு வருவோம், குப்பை பொறுக்கலாம்" என்றார்.

சாக்கு என்றதும் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். என் கணவரும் அந்தப் பாதியில்தான். வங்கி அதிகாரி, கூச்ச சுபாவம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பேப்பரும் அவரும் மட்டும். பௌதி விடவில்லை. அவருக்கு இவர் ‘தாதா’, அதாவது அண்ணன். வாசலில் வந்து நின்று, "தாதா, கடல் உங்க பேப்பரைவிடப் பெரிசு. கிளம்புங்க" என்றார்.

"குப்பை பொறுக்கவா நான் இஞ்சினியரிங் முடிச்சு பேங்க்ல சேர்ந்தேன்?" என்று என்னிடம் தமிழில் முனகிக்கொண்டே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார்.

விடியலில் நாம்கானா லோக்கல் ரயில், அதற்கப்புறம் பஸ். கரையில் இல்லாத பொருள் இல்லை: குட்கா பாக்கெட், ஒற்றைச் செருப்பு, மருந்து அட்டை, பிளாஸ்டிக் மாலை. முதலில் இவர் இரண்டே விரலால் எடுத்துப் போட்டார். வெயில் ஏற ஏற முழுக்கைச் சட்டை முழங்கைக்கு மேலே போயிற்று. எங்கள் காலடி கேட்டு நண்டுகள் வளைக்குள் ஓடுவதைக் கவனித்து, "அந்தப் பக்கம் மிதிக்காதீங்க" என்று எங்களையே விரட்ட ஆரம்பித்துவிட்டார்.

சவுக்குத் தோப்புக்குக் கீழே பச்சை நைலான் வலை ஒன்று குவியலாகக் கிடந்தது. அவர் அதைப் பிடித்து இழுத்தார். குவியல் அசைந்தது.

"இங்க வா! சீக்கிரம் வா!"

ஓடினேன். வலைக்குள் ஒரு கடலாமை. கழுத்திலும் முன்துடுப்பிலும் கயிறு இறுகியிருந்தது. அது மூச்சை விட்டபோது, களைத்த மனுஷர் பெருமூச்சு விடுவதுபோலவே கேட்டது. கொய்யாப்பழம் நறுக்க நான் கொண்டுபோயிருந்த கத்தியை வாங்கி, ஈர மணலில் மண்டியிட்டு, ஒவ்வொரு இழையாக அறுத்தார்.

"பொறும்மா. வலிக்குது, தெரியுது. இதோ ஆச்சு. இன்னும் ஒண்ணுதான்."

எங்கள் மகளுக்குக் காய்ச்சல் அடித்த நாட்களில் மட்டும் நான் கேட்டிருந்த குரல் அது. ஆமையின் ஓட்டை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்த பௌதி கேட்டார்: "ஆமைக்குத் தமிழ் புரியுமா தாதா?"

அவர் தலை நிமிரவில்லை. "மெட்ராஸ் கரையிலும் முட்டையிடற ஜாதி பௌதி. கேட்டுப் பழகின பாஷையாத்தான் இருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அலுவலக நண்பர்களிடம்கூட அவர் ஜோக் அடித்து நான் பார்த்ததில்லை.

நாலு பேர் அதைச் சாக்கில் வைத்துத் தண்ணீர் வரைக்கும் தூக்கிப் போனோம். முதல் அலை தொட்டுவிட்டுத் திரும்பியது. ஆமை அசையவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த அலையில் துடுப்பை ஒருமுறை அடித்தது. அதற்கடுத்த அலையில் ஆளைக் காணோம். முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் என்னோடு ஒன்றாக நடக்கவே கூச்சப்படுகிற மனிதர். அன்று திரும்பும் லோக்கலில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். எனக்குக் கை மரத்துவிட்டது. ஆனாலும் அசையவில்லை. சோனார்பூர் தாண்டி அவராக விழித்துக்கொண்டு, சட்டை மணலைத் தட்டினார்.

அதன்பின் எத்தனையோ குளிர்காலங்கள் போனோம். போகிற ஒவ்வொரு தடவையும் கரை பழையபடிதான் கிடக்கும். ஒருநாள் அவர் வெடித்தார். "போன மாசம்தானே இதே இடத்துல பொறுக்கினோம்!"

"வீட்டைத் தினமும்தானே பெருக்கறோம் தாதா" என்றார் பௌதி, குனிந்த தலை நிமிராமல்.

பிறகு நாங்கள் சால்ட் லேக்குக்கு வீடு மாறினோம். பௌதி மகனோடு பெங்களூர் போய்விட்டார். இப்போது அந்தப் பழைய தெருவின் இளையவர்கள் போகிறார்கள். போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. இவருக்கு மணலில் நடக்க முழங்கால் இடம் கொடுப்பதில்லை. படத்தைப் பெரிதாக்கி, "இது அந்தச் சவுக்குத் தோப்பா?" என்று என்னிடம் காட்டுவார். எனக்கும் அடையாளம் தெரிவதில்லை.

போன வாரம் பௌதி போன் செய்தார். பெங்களூரில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏரி இருக்கிறதாம். அபார்ட்மெண்ட் பெண்கள் சிலரை ஏற்கெனவே பிடித்துவிட்டாராம். இவர் என்னிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். ஏரிக்கு என்ன பறவை வருகிறது, கரை சேறா மணலா என்று வங்காளத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். மேசையில் சோறு ஆறியது. நான் கூப்பிடவில்லை.