தொண்ணூர் ஏரியில் என் பேரைக் கேட்டவர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம், பரவாயில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். சொந்த ஊர் ஹனூர் பக்கம், கர்நாடகத்துக்குள்ளேயே தமிழ் பேசுகிற சீமை. வாடகை அறையில் தனியாள். எங்கள் மனமகிழ் மன்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய போர்க்களங்களைப் பார்க்கப் பஸ் ஏற்பாடு செய்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோட்டை, உடைந்த மதில் எல்லாம் பார்த்துவிட்டு, அந்தச் சண்டைகளில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைக்குப் போனோம். கல்லுக்குக் கல் பேர் இருந்தது. கூட வந்த ரிடையர்டு வாத்தியார் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்.

நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவன் இல்லை. அன்றைக்கு என்னவோ கேட்டுவிட்டேன். “சார், வெள்ளைக்காரன் படையோட மதராஸ் பக்கத்திலிருந்து வந்த நம்ம சிப்பாய்ங்க கல்லு எங்கேங்க சார்?”

“அவங்க பேரை யாரப்பா எழுதி வெச்சாங்க?” என்றார் வாத்தியார்.

என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்யும் நஞ்சுண்டன், எனக்காகவே கன்னடம் கலந்த அரைகுறைத் தமிழில், “ஏனோ முருகேசா, உங்க தாத்தாக்கு இங்க எடம் போட்டு வெச்சிருந்தாங்களா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கடைசியாகத் தொண்ணூர் ஏரி. அந்தக் காலத்துப் படைகள் வந்து தங்கிய இடம் என்றார் வாத்தியார். மத்தியானம் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில். எல்லோரும் குதித்தார்கள். “முருகேசா, பையெல்லாம் பாத்துக்கோ” என்றார்கள். எந்த டூர் போனாலும் எனக்கு அந்த வேலைதான், எனக்கு நீச்சல் தெரியாது. அவர்கள் கரையேறிச் சித்திரான்னம் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கும் ஒரு முழுக்குப் போட ஆசை வந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் சட்டையைக் கழற்றக் கூச்சம், அதனால் ஒரு பெரிய பாறைக்கு அந்தப் பக்கமாகப் போய் இறங்கினேன்.

நாலாவது அடியில் தரை இல்லை.

கத்தக்கூட முடியவில்லை, வாயெல்லாம் தண்ணீர். பாறைக்கு மறுபக்கம் அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது, எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது, பஸ் கிளம்பும்வரை ஒருத்தனும் என்னைத் தேடமாட்டான் என்று. அப்போதுதான் வயிற்றுக்கு அடியில் ஒரு கை வந்தது. நம்பினால் நம்புங்கள், அகலமான கை, குழந்தையைத் தாங்குவதுபோல என்னை மேலே தூக்கியது.

“வயித்த எக்காத. கால அடி. நான் புடிச்சிருக்கேன்.”

தமிழ்தான், ஆனால் எங்கள் பக்கத்துத் தமிழ் இல்லை. சொன்னபடி காலை அடித்தேன். பாறையைச் சுற்றி நகர்ந்தேன். அந்தப் பயத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை எப்படிச் சொல்வது?

“ஒம் பேரென்ன?” என்று குரல் கேட்டது.

“முருகேசன்.”

“முருகேசன்,” என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டது.

கால் மணலில் தட்டியது. கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். யாருமே இல்லை. கரையோரம் கை கழுவ வந்த நஞ்சுண்டன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். “நீச்சல் தெரியாதுன்னியே! தனியா அவ்வளவு தூரத்திலிருந்து வர்றே?” என்றான். நான் சட்டையை எடுக்கப் பாறைக்கு அந்தப் பக்கம் போனேன்.

அதற்கப்புறம் ஆறு, குளம் என்று எங்கெங்கோ முயன்று பார்த்துவிட்டேன், கல்லாகத்தான் முழுகுகிறேன். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துத் தனியாகத் தொண்ணூர் போகிறேன். முழங்கால்வரை மட்டும் இறங்கி நிற்பேன். அன்றைக்குக் கேட்க மறந்ததைக் கேட்பேன். “உங்க பேரென்னங்கய்யா?”

பதில் வந்ததில்லை. கரையேறிப் பார்த்தால் மட்டும், வயிற்றுப் பக்கம் சட்டை ஈரமாக இருக்கும், ஒரு கையகலத்துக்கு.