மூணேகால் அடி மாடிப்படி

தீயணைப்புத் துறையில் கட்டடங்களைச் சோதிக்கும் அந்த அதிகாரியை அலுவலகத்தில் 'டேப் அக்கா' என்பார்கள். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் யார் முகத்துக்காகவும் கையெழுத்துப் போட்டதில்லை.

ஒருநாள் நூற்றுப்பத்து வருடப் பழைய நூலகத்தின் கோப்பு வந்தது. மரப்படியின் அகலம் மூணேகால் அடி. விதிப்படி ஐந்தடி வேண்டும். அகலப்படுத்தினால் முன்சுவரையே இடிக்கணும். முன்பு பார்த்தவர் 'மாடியை மூடவும்' என்று எழுதியிருந்தார். அங்கே நூலகர், அவளுடைய தங்கை.

"மாடியிலதான்க்கா எல்லாரும் உக்காந்து படிக்கிறாங்க. கொஞ்சம் கண்டுக்காம விடேன்."

"அது மட்டும் நடக்காது. வேற வழி இருக்கான்னு பாக்கறேன்."

நூலகர் தன் தங்கை என்பதை மேலதிகாரியிடம் அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள். "அப்ப நானும் கூட வர்றேன்" என்றார் அவர்.

பழைய கட்டடங்களுக்கென்று விதிப்புத்தகத்தில் ஒரு பத்தி இருந்தது. அதே பாதுகாப்பை வேறு வழியில் காட்டினால் ஏற்கலாம். புகை வந்தால் அலறும் கருவி, தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய், மாடியில் நாற்பது பேருக்கு மேல் கூடாது என்று எழுதினாள். நாற்பது பேரும் இரண்டரை நிமிடத்தில் வெளியேறிக் காட்ட வேண்டும்.

ஒத்திகையில் நாலு நிமிடம் ஆனது.

"பாத்தீங்களா? மூடிடலாம்மா" என்றார் மேலதிகாரி. தங்கைக்கு முகம் தொங்கிவிட்டது.

அக்கா அசரவில்லை. "படியில யாரும் நிக்கல சார். கீழ கதவு உள்பக்கமா திறக்குது, அங்கதான் முட்டிக்கிட்டாங்க. ஒரு வாரம் குடுங்க."

வந்த தச்சர் தலையைச் சொறிந்தார். "நூறு வருஷமா இது உள்பக்கம்தாம்மா திறக்குது."

"நூறு வருஷமா தீ பிடிக்கலண்ணே, அவ்வளவுதான். மாத்திப் போடுங்க."

அதே கதவு, அதே பித்தளைப் பிடி. கீல் மட்டும் இடம் மாறியது. மறு ஒத்திகையில் மேலதிகாரியும் கூட்டத்தோடு இறங்கினார். இரண்டு நிமிடம் ஐந்து நொடி. வாசலில் மூச்சு வாங்கியபடியே பேனாவைக் கேட்டார்.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம், மாடி மின்விசிறி ஒன்று கருகிப் புகை சூழ்ந்தது. தங்கையிடமிருந்து போன் வந்தது.

"எல்லாரும் வெளிய வந்தாச்சுக்கா!"

"எண்ணினியா?"

"முப்பத்தேழு பேர். ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

"வண்டி கிளம்பிருச்சு. யாரையும் உள்ள விடாதே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

நாலாம் நாள் மாடி திறந்தது. இப்போதெல்லாம் பழைய கட்டடம் என்றாலே கோப்பு நேராக அவள் மேசைக்குத்தான் போகிறது.